சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி மறுபடி வருகிறதே, இது பழைய நினைப்பின் ஏக்கம்தானா, இல்லை நிஜமாகவே பயன் உண்டா?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாகக் கல்யாண ஆல்பத்தின் கடைசி இரண்டு பக்கங்களை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற படமாகச் செய்து கொடுத்துவருகிறேன். ஆல்பத்தின் பின்னட்டையில் ஒரு உறை ஒட்டி, அதில் நாலு அட்டைக் கண்ணாடியும் வைத்துவிடுவேன். அதனால் இந்தக் கேள்வி என் பிழைப்போடு ஒட்டியது.

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் அது பெரிய தியேட்டரில் இல்லை, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கம் வயதானவர்களிடம் 3டி என்றாலே, "குட்டிச்சாத்தான் பாத்தோமே, செவப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு" என்பார்கள். 1984ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' கலர்க் கண்ணாடிப் படமே இல்லை. அதற்குக் கொடுத்தது போலராய்டு கண்ணாடி, லேசான சாம்பல் நிறத்தில் இருக்கும், ஒளி அதிரும் திசையை வைத்து இடது, வலது கண்ணுக்கான படங்களைப் பிரிக்கும். அந்த முறையில் படத்தின் நிறம் கெடாது. ஆனால் திரைக்கு வெள்ளி பூசியாக வேண்டும். சாதாரண வெள்ளைத் திரையில் பட்டால் ஒளி அதிரும் அந்தத் திசை கலைந்துபோய் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் தெரிந்துவிடும். டெல்டாவில் துணித்திரை கட்டி ஓட்டிய டூரிங் டாக்கீஸ்காரர் வெள்ளித்திரைக்கு எங்கே போவார்?

கலர்க் கண்ணாடி முறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இடது கண்ணுக்கான படத்தைச் சிவப்பில் போடுகிறோம், வலது கண்ணுக்கானதைப் பச்சையும் நீலமும் கலந்த சயானில் போடுகிறோம். சிவப்புத் தாள் வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு ஒன்று, சயான் தாள் வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு மற்றொன்று. இரண்டையும் சேர்த்து ஆழமாக்குவது மூளையின் வேலை. காகிதம், வேட்டி, வெள்ளையடித்த சுவர், செல்போன் என்று நிறம் தெரிகிற எதிலும் இது நடக்கும். 1853ல் ரோல்மன் என்ற ஜெர்மானியர் இந்த வழியைச் சொன்னார். 1891ல் பிரான்சின் டூகோ டு ஓரோன் இதை அச்சுக்குக் கொண்டுவந்து 'அனாகிளிஃப்' என்று பெயரிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

அது திரும்பத் திரும்ப எழுந்து வருவதற்கும் காரணம் இதுதான். 2003ல் ஹாலிவுட்டில் 'ஸ்பை கிட்ஸ்' மூன்றாம் பாகத்தைச் சிவப்பு நீலக் கண்ணாடியோடு வெளியிட்டார்கள். எந்தத் தியேட்டரும் திரையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2009ல் யூடியூபில் 3டி வீடியோவை இந்தக் கண்ணாடியால் பார்க்கும் வசதி வந்தது. அதே வருடக் கடைசியில் 'அவதார்' வந்ததும் எல்லோரும் போலராய்டு பக்கம் ஓடினார்கள், 3டி டிவிகள் கடைக்கு வந்தன. 2017ல் எல்ஜியும் சோனியும் அந்த டிவிகளைக் கைவிட்டுவிட்டன. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்ணாடி பீரோவில் கிடக்கிறது, அட்டைக் கண்ணாடி இன்றைக்கும் வேலை செய்கிறது.

இதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். என் முதல் கல்யாண ஆல்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை. படத்தைக் கலராகவே செய்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். பெண்ணின் பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், அடுத்த நொடி கழற்றிவிட்டார். "தம்பி, பொடவ துடிக்குதுப்பா, பாக்க முடியல." அவர் சொன்னது முழுக்கச் சரி. சிவப்புத் தாள் வழியே அந்தப் புடவை வெளுப்பாகத் தெரியும், சயான் தாள் வழியே கருப்பாகத் தெரியும். ஒரே பொருள் ஒரு கண்ணுக்கு வெள்ளை, மறு கண்ணுக்குக் கறுப்பு என்றால் மூளை எதை நம்பும்? மாறி மாறி இரண்டையும் காட்டும், அதுதான் துடிப்பு. குங்குமம், செம்பருத்தி, நாற்றங்கால் பச்சை எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். நம் ஊரில் நல்ல காரியம் எதை எடுத்தாலும் சிவப்பும் பச்சையும்தானே.

அந்த இரண்டு பக்கங்களையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து இரண்டு படத்தையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுத்தான் சேர்க்கிறேன். ஆழம் அவ்வளவு துல்லியமாக வருகிறது. கலர்க் கண்ணாடிக்குக் கறுப்பு வெள்ளைதான் பொருத்தம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வலையில் இறைந்து கிடக்கும் கலர் அனாகிளிஃப் படங்களைப் பார்த்துத் தலைவலி வந்து, இந்த முறையே மோசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கண்ணாடி செய்வதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பரிசுப் பொட்டலம் சுற்றுகிற கலர் கண்ணாடிப் பேப்பர் போதும். சிவப்பு எந்தக் கடையில் வாங்கினாலும் தேறும், நீலத்தில்தான் ஏமாறுவோம். பார்வைக்கு நல்ல நீலமாக இருக்கும், ஆனால் சிவப்பு ஒளியைக் கசியவிடும். அப்படிக் கசிந்தால் ஒவ்வொரு உருவத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு உருவம் ஆவி மாதிரி நிற்கும். போனில் முழுச் சிவப்பாக ஒரு படத்தை வைத்து நீலப் பேப்பர் வழியாகப் பாருங்கள். திரை கறுப்பாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பேப்பரை இரண்டாக மடித்துப் பாருங்கள். அட்டைக்கு நான் கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

படம் எடுக்க ஒரு போன் போதும். நம் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் இடைவெளி. கொலுப்படி மாதிரி இரண்டு மீட்டரில் இருக்கும் பொருளுக்கு அந்த அளவே சரி. ஒரு பலகையில் ஸ்கேலை ஒட்டி, போனை அதன்மேல் இடமிருந்து வலம் நகர்த்தி இரண்டு படம் எடுப்பேன். போன் மேலே கீழே ஏறி இறங்கக் கூடாது, திரும்பவும் கூடாது. தூரம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். கிட்டே இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அறுபது மீட்டரிலிருந்து எடுத்தபோது, ஒரு படம் எடுத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போய் அடுத்ததை எடுத்தேன். நின்ற இடத்திலேயே 6.5 சென்டிமீட்டரில் எடுத்தால் 216 அடி விமானம் சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி தட்டையாகிவிடும். இரண்டு மீட்டரில் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாகப் பிதுங்கி வந்தது, ஆனால் கோயில் சின்னதாகி, தஞ்சாவூர்த் தட்டில் புடைத்து நிற்கும் உருவம் போலத் தெரிந்தது. அது தவறில்லை, கண்ணின் அகலம் இரண்டு மீட்டராக இருக்கும் ஒரு ராட்சசன் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நடுவில் ஆள் நடமாட்டம் இருந்தால் இரண்டு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுந்து கெடுத்துவிடும், அதனால் காலையில் கதவு திறந்ததும் போய்விட வேண்டும். இரண்டு படத்தையும் சேர்க்க 'ஸ்டீரியோ போட்டோ மேக்கர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இதன் அருமை எனக்கே முழுதாகப் புரிந்தது 2023ல்தான். ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, இஸ்ரோ ஒரு படம் வெளியிட்டது. அதிலிருந்து இறங்கி நிலவில் ஓடிய பிரக்யான் ரோவர் தன் நேவ்கேம் இரட்டைக் கேமராவால் லேண்டரை எடுத்து அனுப்பியது. இடது படம் சிவப்பில், வலது படம் நீலமும் பச்சையுமாக, சிவப்பு சயான் கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்ற குறிப்போடு. நிலவுக்கே போன நாட்டின் விண்வெளி நிறுவனம், நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்கிற கண்ணாடியைக் கேட்கிறது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த வாரமே ராத்திரி உட்கார்ந்து அறுபது கண்ணாடி செய்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஜன்னலைச் சாத்தி, என் வேட்டியைக் கரும்பலகை மேல் கட்டி, புரொஜெக்டரில் காட்டினேன். சத்தமாக இருந்த வகுப்பு அப்படியே அடங்கியது. லேண்டரின் கால் தனியாக, அதன் பின்னால் தரை தனியாக. "சார், காலுக்கும் தரைக்கும் நடுவுல எடம் தெரியுது சார்" என்றான் ஒருவன். செய்தியில் நூறு தடவை பார்த்த விக்ரம்தான், ஆனால் அது ஒரு இடத்தில் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், தனக்குச் சிவப்பாக ஒரு படம்தான் தெரிகிறது என்றாள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தும் அதேதான். டீச்சர் அவள் அம்மாவிடம் சொல்லி கண் டாக்டரிடம் அனுப்பினார். ஒரு கண்ணில் பார்வை குறைவு, சோம்பேறிக் கண் என்றார்களாம். கண் மருத்துவத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறதா என்று சோதிக்கவும் சிவப்பு பச்சைக் கண்ணாடி உண்டு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்குக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்துப் பழக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படத்தில் ஆழமே தெரியவில்லை என்றால் படம் சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, சிவப்பு இடது கண்ணில் வர வேண்டும். கொள்முதல் நிலையத்தில் டிராக்டர் டிரெய்லர்மேல் ஏறி நின்று எடுத்த நெல் குவியல் படம் ஒன்று என் கடையில் மாட்டியிருக்கிறது, பக்கத்திலேயே கண்ணாடியும் தொங்கும். எதிர்வீட்டுப் பையன் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றான். "மாமா, நெல்லு குழியாயிடுச்சு" என்றான்.