நாடகக் குழுவில் எல்லோருக்கும் இடம்: கேள்வி பதில்

கே: மேடை 60 செ.மீ. உயரம். சக்கர நாற்காலியில் வரும் நடிகருக்குச் சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

ப: 1:12 கணக்குப்படி (1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) 7.2 மீட்டர். அகலம் குறைந்தது 90 செ.மீ., இருபுறமும் கைப்பிடி, சக்கரம் விளிம்பு தாண்டாமல் தடுப்புக் கட்டை. நேராகக் கட்ட இடமில்லையா? நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்குங்கள். "நாலு பேர் தூக்கிவிடலாம்" என்ற பேச்சே வேண்டாம். மின் நாற்காலி ஆளில்லாமலேயே 100 கிலோ தாண்டலாம்; நடிகருக்கும் அது மரியாதையில்லை. சாய்தளத்துக்கே வழியில்லையென்றால் மேடையை விட்டு இறங்கித் தரையிலேயே நாடகம் போடுங்கள். ஒப்பனை அறைக்கும் கழிப்பறைக்கும் படி இருந்தால் சாய்தளம் பாதி வேலைதான்.

கே: சைகை மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்க வேண்டும்?

ப: மேடை ஓரத்தில், முக்கியக் காட்சிகள் நடக்கும் பக்கம். காது கேளாதவர்களுக்கான இருக்கைகளும் அதே பக்கம். அவருக்குத் தனி ஸ்பாட் லைட் வையுங்கள். மேடை விளக்கோடு சேர்த்தால் இருட்டுக் காட்சியில் கை தெரியாது. பிரதியை இரண்டு, மூன்று வாரம் முன்பே கொடுங்கள். நீண்ட நாடகத்துக்கு இருவர் தேவை, மாறி மாறிச் செய்ய.

கே: வசனத்தைத் திரையில் காட்டுகிறோம். சிரிப்பு தப்பான இடத்தில் வருகிறதே?

ப: நடிகர் சொல்லுமுன் சிரிப்பு வர வேண்டிய கடைசி வரியைப் பார்வையாளர் படித்துவிடுகிறார். அந்த வரியைத் தனி ஸ்லைடாக்குங்கள். மற்றவற்றில் இரண்டு வரி போதும். மௌனத்துக்கு வெற்று ஸ்லைடு. தானாக ஓடவிடாதீர்கள். ஒத்திகைக்கு வந்து பழகிய ஒருவர் ஸ்லைடுகளைக் கையால் மாற்ற வேண்டும்.

கே: பார்வையற்றவர்களுக்கு?

ப: காட்சிக்கு அரை மணி முன்பு மேடைக்கு அழைத்துப்போய் அரங்கப் பொருட்களையும் உடைகளையும் தொட்டுப் பார்க்கவிடுங்கள். நடிகர்கள் பாத்திரத்தின் குரலில் அறிமுகம் சொன்னால் பிறகு குழப்பம் வராது.

கே: நடிகர் தேர்வுக்கு எப்போதும் அதே முகங்கள்தான் வருகின்றன.

ப: "அனைவரும் வரலாம்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். படிக்கட்டு உண்டா, ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், பயணச் செலவு தருவீர்களா என்று எழுதுங்கள். தேர்வு வசனத்தை முன்கூட்டியே, கேட்பவர்களுக்கு 18 புள்ளி அளவுப் பெரிய எழுத்தில் அனுப்புங்கள். பாத்திரக் குறிப்பில் "நல்ல நிறம், ஒல்லியான உடல்" போன்றவை கதைக்குத் தேவையில்லையென்றால் வெட்டிவிடுங்கள். பலர் திரும்பிப்போவது அந்த வரியில்தான்.

கே: கையில் பணமில்லை. எதில் தொடங்குவது?

ப: அரங்கில் சில நாற்காலிகளை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வரும் பார்வையாளருக்கு 90 செ.மீ. x 120 செ.மீ. இடம் ஒதுக்குங்கள், துணைக்கு வருபவரின் இருக்கை பக்கத்திலேயே இருக்கட்டும். கடைசி வரிசையில் தள்ளாதீர்கள். டிக்கெட் படிவத்தில் "என்ன வசதி வேண்டும்?" என்று ஒரு கேள்வி சேர்த்து, வரும் பதிலைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.