ஜாம்பி துரத்தியபோது கையை விட்டவர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பிட்ஸ்பர்க் பக்கம் வசிக்கிறோம். போன ஹாலோவீன் சமயத்தில் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று நானும் மனைவியும் ஒரு ஜாம்பி பேய் வீட்டுக்குப் போனோம். செத்தும் நடமாடும் ஜாம்பிகளாக வேஷம் போட்ட நடிகர்கள் பயமுறுத்துவார்கள், அதற்கு டிக்கெட். உள்ளே இருட்டு, புகை, வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான வழி. முக்கால்வாசி நேரம் கிண்டலடித்துக்கொண்டுதான் வந்தேன். கடைசி அறையில் ஒரு ஜாம்பி, மரம் அறுக்கும் செயின்சாவை ஓடவிட்டபடி பாய்ந்தான். அவ்வளவுதான், மனைவியின் கையை உதறிவிட்டு கார் நிறுத்துமிடம் வரை ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் சிரித்தபடி நடந்து வருகிறாள். இன்றுவரை எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குத்தான் உறுத்துகிறது. நிஜமாகவே ஓர் ஆபத்து வந்தால் நான் செய்யப்போவது இதைத்தானா?

இன்னொரு சந்தேகம். நம் பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த ஜாம்பிகளிடம் கதையே இல்லாததுபோல் தோன்றியது. ஏன் எங்கு பார்த்தாலும் ஜாம்பி? அப்புறம், இந்த வருடம் எட்டு வயது மகளையும் அழைத்துப்போகலாம் என்கிறாள் மனைவி. போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒன்று. உங்கள் மனைவியின் சிரிப்பை நிறுத்தப் பார்க்காதீர்கள். டிக்கெட் வாங்கிப் போன இடத்தில் அவருக்குக் கிடைத்த சிறந்த காட்சி நீங்கள்தான்.

நடந்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது ஒன்று, அப்புறம் ஓடியது இன்னொன்று. முதலாவதில் உங்களுக்குப் பங்கே இல்லை. எதிர்பாராமல் பெரிய சத்தம் கேட்டால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடுகிறது. தோள் உயர்கிறது, கழுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கேட்டது என்ன சத்தம் என்று மூளை யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தன் வேலையைச் செய்துவிடுகிறது. போர்முனையில் பதக்கம் வாங்கியவருக்கும் இதேதான் நடக்கும்.

ஓடியதற்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் அதை நீங்கள் தனியாகச் செய்யவில்லை. இந்த வீடுகளில் சிறு சிறு குழுக்களாக ஆட்களை உள்ளே அனுப்புவார்கள். முன்னால் போகிற குழு தயங்கித் தயங்கி நின்றால், பின்னால் வருகிறவர்கள் வந்து முட்டிக்கொள்வார்கள். அப்புறம் எந்த மூலையிலிருந்து யார் பாய்வார் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்து எல்லாம் கெட்டுப்போகும். அதனால் நடிகர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே ஆட்களை முன்னோக்கி விரட்டு என்பதுதான். பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்து வா, போகிற வழியை மறிக்காதே. செயின்சா பெரும்பாலும் கடைசி அறையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் சங்கிலியைக் கழற்றியிருப்பார்கள். இன்ஜின் மட்டும் நிஜம். அந்தச் சத்தமும் பெட்ரோல் வாடையும் போதும், கூட்டம் தானாகக் கலைந்து வெளியேறிவிடும். நீங்கள் ஓடியதில் அந்த இடத்தை நடத்துகிறவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும்.

சரி, கையை விட்டது? உங்களை உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. நான் இப்படிப் பார்க்கிறேன். உங்களுக்குள் ஒரு பாதி, இது விளையாட்டு என்பதை ஒரு கணம்கூட மறக்கவில்லை. யாரும் உங்களைத் தொடமாட்டார்கள், மனைவிக்கு ஒரு கீறலும் விழாது என்று தெரிந்துதான் உள்ளே போனீர்கள். அது தெரிந்திருந்ததால்தான் இன்னொரு பாதியை அவிழ்த்துவிட முடிந்தது. மனைவிக்கு ஆபத்து என்று நம்பிய ஒருவர் கையை விட்டிருந்தால் அது வேறு விஷயம். ஆபத்து இல்லை என்று அறிந்த ஒருவர் விட்டதை வைத்து அவருடைய குணத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதே காரணத்தால் நீங்கள் தைரியசாலி என்று சான்றிதழும் தர முடியாது. அந்த வீடு உங்களைச் சோதிக்கவே இல்லை, அவ்வளவுதான். உங்கள் மனைவி சாவகாசமாக நடந்து வந்ததும் வீரம் அல்ல. ஒருவேளை அவர் சங்கிலி இல்லாததைக் கவனித்திருப்பார்.

‘இங்கே ஆபத்து இல்லை’ என்று நம்பி இன்று உள்ளே போக முடிவதற்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1984 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டு பதின்வயதினர் இறந்தார்கள். இருட்டும் குழப்பமான வழியும் பொழுதுபோக்காக இருந்த அதே இடத்தில் அவையே உயிரை வாங்கின. அதன் பிறகு அமெரிக்காவில் விதிகள் இறுகின. தானாக நீர் தெளிக்கும் கருவிகள் வேண்டும். புகை உணரப்பட்டால் விளக்குகள் எரிய வேண்டும், பயமுறுத்தும் ஒலிகள் நிற்க வேண்டும். ஜாம்பியை விட அந்த ஏற்பாடுகள் சரியாக இருக்கின்றனவா என்று கவலைப்படுகிற ஆள் நான்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வகைப் பயத்தையே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியை மாட்டி உள்ளே அனுப்பி, முடிவுகளை 2020-இல் வெளியிட்டார்கள். பயம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஓர் எல்லைக்குப் பிறகு இறங்கிவிடுகிறது. அதே குழுவினரின் முந்தைய ஆய்வு ஒன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிலர் பயத்தை வேண்டுமென்றே கூட்டிக்கொள்கிறார்கள். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு குறைத்துக்கொள்கிறார்கள். வெளியே வரும்போது இரு தரப்புக்கும் திருப்தி ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் கிண்டல்கூடக் குறைத்துக்கொள்ளும் வழிதான் என்பது என் ஊகம். கடைசி அறையில் அது கைகொடுக்கவில்லை.

ஜாம்பிக்குக் கதை இல்லை என்கிறீர்கள். நம் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தீராத ஒரு கணக்கு உண்டு. ‘யார் நீ, என்ன வேணும்’ என்று கேட்டால் பதில் சொல்லும், சமயத்தில் பேரம்கூடப் பேசும். ஜாம்பியிடம் எதுவும் கேட்க முடியாது. ஆனால் அதற்கும் ஒரு கதை இருந்தது, வழியில் தொலைந்துவிட்டது. கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டி பிரெஞ்சுக் காலனியாக இருந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் மாண்டார்கள். செத்தாலாவது மூதாதையரின் நிலத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதுவும் கிடைக்காமல், செத்த உடம்பை எழுப்பி மறுபடியும் வேலை வாங்கினால்? அந்த நாட்டின் ஜாம்பி அதுதான். அது யாரையும் கடிக்காது. அதைக் கண்டு ஓட வேண்டியதில்லை, அதுவாக ஆகிவிடுவோமோ என்பதுதான் பயம். 1791-இல் கிளர்ந்து 1804-இல் விடுதலை பெற்ற ஒரு மக்கள் கூட்டம் இந்தக் கனவைத்தான் கண்டுகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியில் இருந்தது. அந்த வருடங்களில்தான் ஜாம்பி அமெரிக்காவுக்குப் பரவலாக அறிமுகமானது. 1932-இல் வந்த முதல் முழுநீள ஜாம்பிப் படத்தில்கூட அவை சர்க்கரை ஆலையில் வேலைதான் செய்கின்றன. தின்ன வந்தது 1968-இல், ஜார்ஜ் ரொமேரோவின் படத்தோடு. அது எடுக்கப்பட்டது உங்கள் ஊருக்கு வடக்கே எவான்ஸ் சிட்டியில். படத்தின் பெயரை மாற்றும்போது காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், படம் பொதுச்சொத்தாகிவிட்டது. ஆக, அந்த ஜாம்பிக்கு உரிமை கொண்டாடி யாரும் பணம் கேட்டு வரமுடியாது. பேய் வீடு நடத்துகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? கிழிந்த சட்டையும் கொஞ்சம் செயற்கை ரத்தமும் போதும். டிராகுலாவுக்கு ஒரு முகவெட்டு தேவை, ஜாம்பிக்கு எந்த உயரமும் எந்த உடல்வாகும் சரி. நாலு பேர் விடுப்பு எடுத்தால்கூட மீதிப் பேரை வைத்துச் சமாளிக்கலாம். அலுத்துப்போன வேலையாட்கள் முனகிக்கொண்டே இரவெல்லாம் அதே மூலையிலிருந்து பாய்கிறார்கள். யோசித்தால், ஹெய்ட்டியின் பழைய ஜாம்பியை மூட்டையோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மகள் விஷயம். இந்த வருடம் வேண்டாம். உங்கள் இருவராலும் கைப்பிடியைத் தளர்த்த முடிந்தது, இது நடிப்பு என்று தெரிந்ததால். எட்டு வயதில் அது தெரியும், ஆனால் இருட்டில் அந்தத் தெரிதல் சீக்கிரம் கழன்றுவிடும். சில இடங்களில் குழந்தைகளுக்கென்று பகலில், விளக்குகளைப் போட்டுவிட்டு, நடிகர்களின் ஒப்பனையைக் காட்டி அழைத்துப்போகிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் போய்வாருங்கள். செயின்சாவில் சங்கிலி இல்லை என்பதை அவளே கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லட்டும். இரவில் மறுபடி மனைவியோடு மட்டும் போவதானால் கூட்டம் குறைந்த வார நாளைத் தேர்ந்தெடுங்கள். கையைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.