டீமுக்கு வேலையில் பிடிப்பு வர ஒரு மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: நல்ல மேனேஜர்கள் தங்கள் டீமில் இருப்பவர்களுக்கு வேலையில் ஈடுபாட்டை எப்படி உண்டாக்குகிறார்கள்? அதை எப்படித் தக்கவைக்கிறார்கள்?

ஒருவர் உங்களிடம் ஒரு குறையைச் சொன்னால், அது என்ன ஆச்சு என்று நீங்களே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் பல வருடமாக டீம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பெரிதாக வேலை செய்யும் எதையும் நான் பார்க்கவில்லை. காரணத்தோடு சொன்னால் "முடியாது" என்பதும் நல்ல பதில்தான். லேப்டாப் திணறுகிறது என்று சொன்ன பையனுக்கு மாதக்கணக்கில் ஒரு பதிலும் வரவில்லை என்றால், அப்புறம் அவன் லேப்டாப்பைப் பற்றி மட்டுமா பேசாமல் இருப்பான், ப்ராஜெக்டில் கண்ணெதிரே ஓட்டை தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டான்.

ரங்கோலிப் போட்டி, டீம் லஞ்ச் எல்லாம் நடக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் டீமுக்கு டீம் ஈடுபாட்டில் தெரியும் வித்தியாசத்தில் குறைந்தது 70 சதவீதம் மேனேஜரால் வருகிறது என்று, ஊழியர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தும் அமெரிக்க நிறுவனமான கேலப் 2015-ல் சொன்னது. அவர்கள் ஊழியர்களிடம் கேட்கும் 12 கேள்விகளில் முதல் இரண்டைப் பாருங்கள்: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா, வேலைக்குத் தேவையான சாமான் என் கையில் இருக்கிறதா. இரண்டுமே மேனேஜர் கையில் இருப்பவை.

வில்லியம் கான் என்ற ஆய்வாளர் 1990-லேயே மூன்று விஷயம் வேண்டும் என்று எழுதினார். செய்யும் வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும், மனதில் பட்டதைச் சொன்னால் அடி விழாது என்ற தைரியம் வேண்டும், வேலையில் போடுவதற்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். சென்னையில் நாம் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான். ஆவடியிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஊர்ந்து சோழிங்கநல்லூர் வந்து சேர்கிறவரிடம் என்ன தெம்பு இருக்கும்? அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 12 மணிக்கு கிளையன்டோடு கான்ஃபரன்ஸ் கால் என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 10.30. அந்தக் காலில் யார் அவசியம் இருக்க வேண்டும் என்று பார்த்து மற்றவர்களை விடுவிப்பதும், அதில் கலந்துகொண்டவரை மறுநாள் காலை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்வதும் மேனேஜர் நினைத்தால் நடக்கும்.

பொங்கல் லீவும் அப்படித்தான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால் திறக்கிறது, நெல்லை, மதுரை பக்கம் போகும் வண்டிகளில் இடம் பறந்துவிடும். ஜனவரி முதல் வாரத்தில் லீவை ஓகே செய்தால் அது லீவே இல்லை. யார் இந்த முறை ஊருக்குப் போவது, யார் சப்போர்ட் பார்ப்பது, போன தீபாவளிக்கு ஆபீஸில் உட்கார்ந்தது யார் என்று நவம்பர் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னாலும் பேசி முடிக்க வேண்டும். ஒரே ஆளுக்கே வருடா வருடம் டியூட்டி போட்டுவிட்டு ஈடுபாட்டை எதிர்பார்ப்பது அநியாயம்.

தைரியம் விஷயத்தில் ஒரு சின்னப் பழக்கம்: மீட்டிங்கில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். சார் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் நம்ம ஊரில் அதற்கு மேல் யார் மறுத்துப் பேசுவார்கள்? அப்புறம், பாராட்டுவதென்றால் எதற்கு என்று சொல்லிப் பாராட்டுங்கள். "நேத்து கிளையன்ட் கோபமா இருந்தப்ப நீ சிஸ்டத்துல பதிவான லாகை எடுத்துக் காட்டி விளக்கினதாலதான் அவங்க இறங்கி வந்தாங்க" என்று கேட்டவர் அதை மறக்க மாட்டார். அடுத்த காலில் அந்த விளக்கத்தை அவரையே கொடுக்க விடுங்கள். குறையையும் அந்த வாரமே தனியாகச் சொல்லிவிடுங்கள், அப்ரைசலில்தான் முதன்முதலாகக் கேட்கிறார் என்றால் வருடம் முழுக்கச் சொன்ன நல்ல வார்த்தை எதையும் அவர் இனி நம்ப மாட்டார்.

சம்பளம் நியாயமாக இல்லாத இடத்தில் இதெல்லாம் கொஞ்ச நாள்தான் தாங்கும், அங்கே மேனேஜர் செய்ய வேண்டியது மேலே போய் வாதாடுவது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை வந்து சொல்வது.

புதிதாக டீம் கைக்கு வந்தவர் என்றால் இந்த வாரம் ஒவ்வொருவரிடமும் தனியாக, "உன் வேலையை எது தடுத்து நிறுத்துது?" என்று மட்டும் கேளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள்.