ஒரு கையில் குழந்தை, மறு கையில் புத்தகம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறு குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களிடமிருந்து வந்தவை. ஏறத்தாழ எல்லோருமே புத்தகப் பித்துக் கொண்டவர்கள். ஆகவே இந்தப் பகுதியை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாவல் என்று வாசித்து வந்தவள் நான். இப்போது ஒரே பத்தியை நான்கு முறை வாசித்தாலும் மனத்தில் தங்குவதில்லை. பிரசவம் என் மூளையை மழுங்கடித்துவிட்டதா? பழைய வாசிப்பு எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். எப்போது என்பதை உங்கள் குழந்தையின் தூக்கம்தான் தீர்மானிக்கும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்துகொள்ளும் ஒருவருக்கு முதலில் தளர்ந்துபோவது கவனம். வாசித்த வாக்கியத்தை அடுத்த வாக்கியம் வந்து சேரும்வரை மனத்தில் பிடித்துவைத்திருக்கும் திறன் அதற்கடுத்து. நாவல் வாசிப்பு இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. எனவே பத்தி மனத்தில் நிற்காததற்குக் காரணம் உங்கள் அறிவு மங்கியது என்று எண்ண வேண்டாம். உறக்கம் துண்டு துண்டாகிப் போனதுதான் காரணம்.

கருவுற்ற காலத்தில் மூளையில் மாற்றங்கள் நிகழ்வது உண்மையே. முதல் குழந்தை பெற்ற பெண்களின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பிறருடைய மனநிலையை உணர்ந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின், அதாவது நரம்பணுக்கள் செறிந்த திசுவின், அளவு குறைந்திருந்ததையும், குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மாற்றம் நீடித்ததையும் அது காட்டியது. 'அளவு குறைந்தது' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் அஞ்சினார்கள். ஆனால் அதே பெண்களிடம் நடத்திய நினைவாற்றல் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி எதுவும் காணப்படவில்லை. குழந்தையின் தேவைகளை உணர்ந்து நடந்துகொள்வதற்கு ஏற்றவாறு மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது என்றே ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள்.

என் மூத்த மகள் பிறந்த பிறகு ஒரு தடித்த நாவலை எட்டு மாதங்கள் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். அறுபதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு இரவும் அது என்னைக் குற்றம் சாட்டுவதுபோல் இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்த வாரத்தில்தான் மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன்: ஒரு நாளைக்கு ஒரு கவிதை, பிறகு இரண்டு மூன்று பக்கச் சிறுகதைகள், பிறகு இளமையில் மனப்பாடமாகும் அளவுக்கு வாசித்திருந்த ஒரு பழைய நாவல். முன்பே வாசித்த புத்தகத்தில் கதை தெரியும் என்பதால், எந்த இடத்தில் குழந்தை அழுதாலும் மூடிவைத்துவிட்டு மீண்டும் அந்த இடத்திலிருந்தே தொடரலாம். இந்தக் காலத்துக்கு மறுவாசிப்பைப் போல் உகந்தது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கூடவே, மூடும் முன் அந்தப் பக்கத்தில் நடந்ததை ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்த ஒரு வரி பத்து நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் பால் கொடுத்துக்கொண்டே சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ அமர்ந்து வாசிக்கும் பழக்கம் இருந்தால், கண் சொக்கும் முதல் கணத்திலேயே புத்தகத்தை மூடிவிடுங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சோபாவில் உறங்கிவிடுவது மூச்சுத் திணறலுக்கு இடம் கொடுக்கும் மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் திரையில் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தொடர்ந்து ஐந்து இரவுகள் உறங்கப் போகுமுன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்கள், அச்சுப் புத்தகம் வாசித்த நாட்களைவிடச் சுமார் பத்து நிமிடங்கள் தாமதமாகவே உறங்கினார்கள். பத்து நிமிடத் தூக்கம்கூட அருமையாக இருக்கும் காலத்தில் இதைச் சிறிய இழப்பு என்று சொல்ல மாட்டேன். மங்கலான விளக்கும் காகிதமும் போதும்.

கேள்வி: என் குழந்தைக்கு இரண்டு மாதம். நான் வாசிக்கும் நாவலையே அவளுக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். இதனால் அவளுக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: உண்டு. தாராளமாகப் படியுங்கள். டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்கள் தாய்மார்கள் ஒரே கதைப் பகுதியை நாளுக்கு இருமுறை உரக்கப் படித்தார்கள். பிறந்த பின் அந்தக் குழந்தைகள் கேட்டுப் பழகிய பகுதியையே விரும்பினார்கள்; வேறொரு பெண் அதைப் படித்தபோதும் அப்படித்தான். இந்த வயதில் குழந்தைக்குப் பொருள் தேவையில்லை. உங்கள் குரலின் ஏற்ற இறக்கமே அவளுக்குக் கதை. முகத்தை இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் வைத்துக்கொண்டால் அவளால் உங்களை ஓரளவு தெளிவாகப் பார்க்கவும் முடியும். நாவலில் கொடூரமான காட்சி வந்தாலும் இப்போதைக்குக் கவலை இல்லை. அவள் சொற்களைப் பொருளோடு பிடித்துக்கொள்ளத் தொடங்கும்போது, அதாவது ஒரு வயதை நெருங்கும்போது, அவளுக்கென்று தனிப் புத்தகம் வந்துவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் விளையாடும்போது அரை மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால், அது அவர்களிடமிருந்து திருடிய நேரமாகவே தோன்றுகிறது. "பிள்ளைகளை வைத்துக்கொண்டு புத்தகம் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள். நான் தன்னலமாக நடந்துகொள்கிறேனா?

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இதே கேள்வியைப் பல ஆண்டுகள் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல், "தாய் வாசிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் வாசிப்பார்கள்" என்பதே. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை உங்களுக்கு முதல் காரணமாகத் தர எனக்கு மனமில்லை. நாளையே உங்கள் பிள்ளைகள் இருவரும் புத்தகத்தை ஏறெடுத்தும் பார்க்காதவர்களாக வளர்ந்தால், நீங்கள் வாசித்த நேரம் முழுவதும் வீணாகிவிடுமா? நீங்கள் தாயாவதற்கு முன்பே வாசகி. அந்த வாசகி பசித்துக் கிடந்தால் தாயும் வாடுவாள் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஒரு வாரம் எதையும் வாசிக்காமல் இருந்துவிட்டால், சிந்திய தண்ணீருக்கும் தொலைந்த காலுறைக்கும் என் குரல் உயர்ந்துவிடும். பிள்ளைகளிடம் நான் பொறுமையிழந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நான் புத்தகத்தைத் தொடாத நாட்கள்.

இனி, பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் குழந்தைகளுக்குத் தாயின் அருகாமை வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் தாய் அவர்களுடைய விளையாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் ஒதுங்கியிருக்கும்போதுதான் அவர்கள் தங்களுக்குள் கதை கட்டுகிறார்கள், சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள், சலிப்படைந்து அந்தச் சலிப்பிலிருந்து ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள், விழுந்தால் எழுந்து வருவீர்கள். அது போதாதென்று யாரும் சொல்ல முடியாது.

நடைமுறைக்கு நான்கு செய்திகள். அரை மணி நேரத்தை முதல் நாளே எதிர்பார்க்காதீர்கள்; ஐந்து நிமிடத்தில் தொடங்கினால் அது தானாக நீளும். "இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொன்னால், பக்கம் முடிந்ததும் உண்மையாகவே எழுந்து செல்லுங்கள். அந்த வாக்கு இரண்டு முறை தவறினால், மூன்றாம் முறை குழந்தை காத்திருக்காது. கைப்பேசியில் வாசிப்பதைப் பிள்ளைகள் விழித்திருக்கும் வேளைகளில் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் வாசிப்பது காவியமாகவே இருந்தாலும், குழந்தையின் கண்ணுக்கு அது கைப்பேசி மட்டும்தான், காகிதப் புத்தகமென்றால் அம்மா என்ன செய்கிறாள் என்பது அதற்குத் தெளிவாகத் தெரியும், அட்டையைப் பார்த்து "இது என்ன கதை?" என்று கேட்கவும் முடியும். பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒலிப்புத்தகம் கேட்கிறவர்கள் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு மற்றொன்றைப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைத்திருங்கள்.

பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வாதாட வேண்டாம். உங்கள் கணவர் செய்தித்தாள் வாசிக்கும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்றால், அந்த ஒப்பீட்டை அமைதியாகக் கணவரிடம் மட்டும் சொல்லி, நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட வேளையில் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ளுமாறு கேளுங்கள். அது அவர் உங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. பிள்ளைகள் அவருக்கும் உரியவர்கள்.

கேள்வி: என் இரண்டரை வயது மகன் இரவுதோறும் ஒரே புத்தகத்தைத்தான் நீட்டுகிறான். ஒரு வரியை விட்டுவிட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறான். எனக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா?

பதில்: ஒளிக்காதீர்கள். நீங்கள் விட்ட வரியை அவன் கண்டுபிடிக்கிறான் என்றால், அந்தப் புத்தகம் முழுவதும் அவனுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரு பிரிவினர் காதிலும் சம அளவிலேயே விழுந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை பழகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை குழந்தைக்கு இல்லை. மனம் சொற்களின் பக்கம் திரும்ப இடம் கிடைக்கிறது.

உங்கள் அலுப்பும் பொருட்படுத்த வேண்டியதே. படிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வயது வரையான குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சிறு பயிற்சி அளித்தார்கள்: "இது என்ன?", "அவன் ஏன் ஓடுகிறான்?" என்று கேட்பது, குழந்தை சொன்ன பதிலைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்வது, மெல்ல மெல்லக் கதைசொல்லும் பொறுப்பைக் குழந்தையிடமே விடுவது. வழக்கம்போல் படித்துக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளைவிட, இப்பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் முன்னேறியிருந்தார்கள். ஆகவே இன்றிரவு, "எனக்கு மறந்துவிட்டது, நீ சொல்" என்று புத்தகத்தை அவனிடம் கொடுங்கள். அவன் சொல்லும் கதை நிச்சயமாக உங்களுக்குப் புதிதாக இருக்கும். அதன் பிறகு ஒரு புத்தகம் அவன் விருப்பம், ஒரு புத்தகம் உங்கள் விருப்பம் என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வரலாம்.

கேள்வி: வீடு முழுவதும் புத்தகம். ஆனால் என் ஆறு வயது மகளுக்குப் புத்தகமே பிடிக்கவில்லை. ஓடவும் ஏறவும்தான் ஆசை. எனக்கு உள்ளூர வருத்தமாக இருக்கிறது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, அதை அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் அவளுக்குச் சிரமம் இருக்கிறதா என்பதை முதலில் ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். எழுத்துகளை அடையாளம் காண்பதில் தொடர்ந்து தடுமாறினால் கண் பரிசோதனையும், தேவைப்பட்டால் கற்றல் குறைபாடு குறித்த மதிப்பீடும் செய்துகொள்வது நல்லது. சிரமமாக இருப்பதையே பல குழந்தைகள் "பிடிக்கவில்லை" என்று சொல்கிறார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த வயதில் குழந்தையால் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள முடிவதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிவது மிகவும் அதிகம். அவள் கையிலும் காலிலும் ஏதாவது விளையாட்டு நடந்துகொண்டிருக்கட்டும், நீங்கள் படியுங்கள். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தை என் புத்தகங்களைக் கடிக்கிறான், கிழிக்கிறான். சென்ற வாரம் அவனுடைய அக்கா ஒரு குவளைத் தண்ணீரை அலமாரியின் கீழ்த்தட்டில் கொட்டிவிட்டாள். எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: கீழ்த்தட்டு இரண்டையும் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டு உங்கள் புத்தகங்களை மேலே ஏற்றுங்கள். அவன் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும் வயது என்பதால், அலமாரியைத் திருகாணி போட்டுச் சுவரோடு பிணைப்பதை இன்றே செய்துவிட வேண்டும். பாரமேறிய அலமாரி குழந்தையின் மேல் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. அவனுக்குத் தடித்த அட்டைப் புத்தகங்களையும் துணிப் புத்தகங்களையும் கொடுங்கள். அட்டை ஊறித் துணுக்குகளாகப் பிரியத் தொடங்கினால், அது தொண்டையில் சிக்கும் என்பதால், தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

கிழிந்த பக்கத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் புத்தகத்துக்குச் செலோடேப் ஒட்டலாம். நீங்கள் பாதுகாக்க விரும்பும் புத்தகத்துக்கு அது ஆகாது. சில ஆண்டுகளில் மஞ்சளித்து, பசை காகிதத்துக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிடும். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவதே நூலகங்களில் கடைப்பிடிக்கும் முறை. அந்தப் பசையைத் தேவைப்பட்டால் நீர் தடவிப் பிரித்துவிடலாம்.

நனைந்த புத்தகத்துக்குக் காலம் மிகக் குறைவு. இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சும் தாளை இடையில் வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே, புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலும் சூடான காற்றும் வேண்டாம். பளபளப்பான தாளில் அச்சான படப்புத்தகங்களை ஈரம் காயும் முன்பே பக்கம் பக்கமாகப் பிரித்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டியது ஒட்டியதுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் உலர்த்த முடியாவிட்டால், மீதியை நெகிழிப் பையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது, மையும் மேலும் பரவாது. பிள்ளைகள் உறங்கிய பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பொறுமையாக உலர்த்திக்கொள்ளலாம்.