ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம், தனியா படுக்குறார்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 62 வயசு, புராஸ்டேட் கேன்சர்னு சுரப்பியையே எடுத்துட்டாங்க. நாலு மாசமா ஹால்ல தனியா படுக்குறார், கேட்டா "இனிமே என்னால முடியாது"ங்கிறார். டாக்டர்கிட்ட இதை எப்படிக் கேக்குறது?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சகோதரி, இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லியிருக்கணும், சொல்லலைன்னா அது உங்க தப்பில்ல. விறைப்புக்கான நரம்புங்க அந்த சுரப்பிய ஒட்டியே போகுது, அதைக் காப்பாத்தி ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் அதிர்ச்சியில கொஞ்ச காலம் வேலை செய்யாது, தேற ஒன்றரை ரெண்டு வருஷம்கூட ஆகலாம், அதனால நாலு மாசத்துல முடிவு கட்டாதீங்க. சிலருக்கு முழுசா திரும்பாது, அதையும் மறைக்கல. விந்து இனிமே வெளிய வராது, ஆனா உச்சம் வரும், விறைப்பு இல்லாமலும் வரும்! இதை அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, பல ஆம்பளைங்களுக்கு இது தெரியவே தெரியாது. அந்த நேரத்துல கொஞ்சம் யூரின் கசியலாம், முன்னாடியே போயிட்டு வந்தா போதும், இடுப்புத்தள தசைப் பயிற்சிய பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டா கசிவு குறையும்.

அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்க. கூச்சமா இருந்தா ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, "நரம்ப காப்பாத்தினீங்களா, விறைப்புக்கு மாத்திரை, வேக்குவம் பம்ப், ஊசி இதுல எது இவருக்கு சரி"ன்னு. மெடிக்கல் ஷாப்ல தானா விறைப்பு மாத்திரை வாங்க வேண்டாம், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுறவங்க அதையும் சேத்து சாப்பிட்டா பிபி ஆபத்தா இறங்கிடும்.