‘கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கு’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரிடம் கஸாண்ட்ரா கிளேரின் ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ என்ற ஆங்கில இளையோர் நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் என் சுயநலமும் உண்டு. சென்னையின் பறக்கும் ரயில் நிலையங்களை வைத்து இளையோருக்காகத் தமிழில் ஓர் அர்பன் ஃபேண்டஸி (இன்றைய நகரத்துக்குள் நடக்கும் மாயக்கதை) எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் மூன்று அத்தியாயங்களையும் அதே எட்டுப் பேரிடம் கொடுத்தேன். உங்களுக்கும் இணைத்திருக்கிறேன்.

‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ பற்றி அவர்கள் சொன்னது: ஆரம்பம் செம. நடுவில் லைப்ரரியில் ஒருத்தர் கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கு (ஐந்து பேர்). ஹீரோ ஜேஸ் கெத்து (மூன்று பேர்). ஜேஸ் ஓவர் சீன் (வேறு மூன்று பேர்). அண்ணன் தங்கைன்னு சொன்னதும் அருவருப்பாயிடுச்சு (ஆறு பேர்). அம்மா காணாமல் போனதும் போலீஸுக்குப் போயிருக்கலாமே (ஒரு பையன்).

என் அத்தியாயங்கள் பற்றிச் சொன்னது: எல்லாம் புரிஞ்சுது, ஆனா மேலே படிக்கத் தோணலை. இரண்டாவது அத்தியாயம் ஹிஸ்டரி பாடம். இன்னும் ஃபைட் வேணும்.

இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கே.

அன்புள்ள கே.,

பிள்ளைகள் சொன்னதை அவர்கள் வாய்மொழியிலேயே அனுப்பியது நல்லதாயிற்று. ‘நடுப்பகுதியில் தொய்வு’ என்று நீங்கள் பெரியவர் பாஷையில் மாற்றி எழுதியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ‘கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கு’ என்பதில் நோய் எங்கே என்பதும் இருக்கிறது, பாதி நோய்ப்பெயரும் இருக்கிறது.

(நாவலை இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது.)

அந்த லைப்ரரி காட்சியை எடுத்துக்கொள்வோம். நாயகி கிளாரியின் வீட்டில் முதலையும் பூரானும் கலந்தாற்போன்ற ஒரு டீமன் புகுந்துவிட்டது, அம்மாவைக் காணவில்லை, இவள் விஷம் ஏறி மயங்கிக் கிடந்து இப்போதுதான் கண் விழித்திருக்கிறாள். எழுந்து வந்தவளை உட்காரவைத்து ஹாட்ஜ் என்ற ஆசான் டீமன்களை வேட்டையாடும் ஷேடோஹண்டர்கள் யார், அவர்களை ஆளும் கிளேவ் என்பது என்ன, வேலன்டைன் யார், அவன் ஏன் கலகம் செய்தான் என்று சொல்லிக்கொண்டு போகிறார். ஐந்து பேர் சலித்துக்கொண்டது தகவல் அதிகம் என்பதால் என்று நினைக்கிறீர்களா? அதே பிள்ளைகள் ஒரு வீடியோ கேமில் இதைவிடப் பத்து மடங்கு விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அம்மாவைத் தேடி ஓட வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் சிக்கல். கதையில் அவசரம் இருக்கிறது, காட்சியில் இல்லை.

இதே நாவலில் இதற்கு மாற்றும் இருக்கிறது. மந்திரவாதி மேக்னஸ் பேனின் விருந்துக்குப் போகும்போது வாம்பயர்களின் மோட்டார் சைக்கிள்கள் கண்ணில் படுகின்றன. அவை டீமன் சக்தியில் ஓடுபவை என்பது பேச்சுவாக்கில் வந்து போகிறது. பிறகு கிளாரியின் நண்பன் சைமன் எலியாக மாறி, வாம்பயர்கள் கையில் சிக்கி, அவனை மீட்க அவர்கள் இருப்பிடமான ஹோட்டல் டூமோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து தப்பிக்க அப்படி ஒரு பைக்கிலேயே ஏறிப் பறக்கிறார்கள். பொழுது விடிகிறது. வெயில் பட்டால் டீமன் சக்தி வேலை செய்யாது. பைக் ஆகாயத்தில் இருக்கும்போதே என்ஜின் அடங்குகிறது. இதுவும் விதிதான், இதுவும் பாடம்தான். ஆனால் உங்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூட இந்த இடத்தைக் கிளாஸ் என்று சொல்லவில்லை. விதி முதலில் சாதாரணப் பேச்சாக வந்தது. அதன் விலையைக் கதாபாத்திரம் கொடுக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் வாசகனுக்கு அதை மறக்க நேரம் கிடைத்தது. அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் பைக் காட்சியும் பாடமாகிவிடும்.

போலீஸ் பையனை நான் மிகவும் மதிக்கிறேன். அர்பன் ஃபேண்டஸியில் எழுதுபவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. காட்டிலோ கற்பனை தேசத்திலோ கதை நடந்தால் அது எழாது. நகரத்தில் நடந்தால் போலீஸ், ஆம்புலன்ஸ், சிசிடிவி, செல்போன் எல்லாமே கதைக்குள் வந்து நிற்கும். முதல் காட்சியில் கிளேர் இதைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார். பாண்டிமோனியம் கிளப்பில் ஷேடோஹண்டர்கள் நீலத் தலைமுடிப் பையன் ஒருவனைக் கொல்வதைக் கிளாரி பார்க்கிறாள். சைமனும் கிளப் காவலாளியும் ஓடி வருகிறார்கள். கொன்றவர்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, பிணமும் மறைந்துவிட்டது. புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. அம்மா காணாமல் போன பிறகும் ஒரு கதவை அடைக்கிறார்: கிளாரி குடும்ப நண்பர் லூக்குக்கு போன் செய்கிறாள், அவர் முகத்தில் அடித்தாற்போல் தள்ளிவிடுகிறார். அந்தப் பையன் இதைத் தவறவிட்டிருக்கலாம், அல்லது அவனுக்கு இது போதாமல் இருந்திருக்கலாம். எதுவென்று அவனிடமே கேளுங்கள். உங்கள் நாவலில் இதைவிடக் கடினம். உங்கள் நாயகன் பதினாறு வயதுத் தமிழ்ப் பையன். ராத்திரி கடைசி ரயில் நேரத்தில் திருமயிலை நிலையத்தில் நிற்கிறான். அம்மாவிடமிருந்து ‘எங்கடா இருக்க’ என்று ஒரு போன்கூட வரவில்லை. பிசாசை நம்பிவிடுவார்கள், இதை நம்ப மாட்டார்கள்.

ஜேஸ் விஷயத்தில் மூன்றுக்கு மூன்று சமமாகப் பிரிந்தது ரசனை. அதை அப்படியே விடுங்கள். பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அதில் பொருள் கிடையாது. ஒரே ஒரு சோதனை மட்டும் செய்து பார்க்கலாம். ஒரு பக்க உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டு யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஜேஸும் சைமனும் இருவருமே நக்கல் பேர்வழிகள். பிள்ளைகள் தடுமாறினால் ‘ஓவர் சீன்’ என்ற புகாருக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கிறது: எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

காதலிக்கத் தொடங்கிய ஜேஸும் கிளாரியும் தன் பிள்ளைகள் என்று வேலன்டைன் சொல்லும் அந்த அண்ணன் தங்கை முடிச்சுக்கு வருகிறேன். ஆறு பேர் சொன்னது ஒரே சொல்தானா என்று பார்க்க வேண்டும். ‘அருவருப்பு’ என்றால் காட்சி நினைத்த வேலையைச் செய்திருக்கிறது. கிளாரிக்கும் ஜேஸுக்கும் அதே உணர்ச்சிதான் வர வேண்டும். ‘ஏமாத்திட்டாங்க’ என்றால் அது வேறு குற்றச்சாட்டு, அதற்குத் தடயத்தைத் தேட வேண்டும். தடயங்கள் இருக்கின்றன. ஒரு பையனுக்கு அப்பா பருந்து போன்ற வேட்டைப் பறவையைக் கொடுத்து, அவன் அதை அன்பால் பழக்கியதும் கழுத்தை முறித்துப் போட்ட கதையை ஜேஸ் நடுவிலேயே சொல்லிவிடுகிறான். அது எப்படிப்பட்ட அப்பன் என்பது கடைசியில் வேலன்டைன் வந்து நிற்கும்போது பொருந்துகிறது. கிளாரியின் அம்மா வைத்திருந்த பெட்டியில் ஜே. சி. என்ற எழுத்துகள் இருக்கின்றன, செத்துப்போன அப்பாவின் பெயர் என்று கிளாரி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவை அண்ணன் பெயரின் எழுத்துகள். ஆகவே திருப்பம் ஆகாயத்திலிருந்து விழவில்லை.

ஆனால் இதில் வாசிப்புக் காலமும் சேர்ந்திருக்கிறது. நாவல் 2007இல் வந்தது. அந்த உறவு உண்மையில்லை என்று தெளிவாவது மூன்றாவது புத்தகமான ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’ 2009இல் வந்தபோது. முதலில் படித்தவர்கள் இரண்டு வருடம் அந்தக் கசப்போடு இருந்தார்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் புத்தகத்தை மூடியதும் கூகுளில் தேடியிருப்பார்கள். அவர்களின் கருத்தும் தேடாதவர்களின் கருத்தும் ஒன்றல்ல, ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். என் சொந்த அபிப்பிராயம்: காதலைத் தடுக்க வேறு சுவர் கட்டியிருக்கலாம். இந்தச் சுவர் எழும்பியதும் பதினைந்து வயது வாசகர் வேறு எதையும் பார்ப்பதில்லை. அதற்குச் சற்று முன்பு லூக் யாரென்று தெரிவதும், வேலன்டைன் தேடும் மாயக் கோப்பைக்காக நடந்த துரோகமும் எடுபடாமல் போய்விட்டன. உங்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூட அவற்றைக் குறிப்பிடவில்லை, கவனித்தீர்களா?

இனி உங்கள் அத்தியாயங்கள்.

‘இன்னும் ஃபைட் வேணும்’ என்று கேட்டதும் நீங்கள் சண்டைக் காட்சி எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. கிளாரியின் முதல் சண்டையை மறுபடி படியுங்கள். அவளுக்குச் சண்டை தெரியாது. கையில் இருப்பது ஜேஸின் சென்சர் கருவி, அது என்ன செய்யும் என்றும் தெரியாது. அதைத்தான் அந்த டீமனின் வாய்க்குள் திணிக்கிறாள். ஒரு பக்கம்கூட இருக்காது. ஆனால் அவள் ஒன்றைச் செய்தாள். உங்கள் பையன் முதல் அத்தியாயத்தில் மேல்தளத்தில் ஒரு கதவைப் பார்க்கிறான், இரண்டாவதில் பெரியவர் சொல்வதைக் கேட்கிறான், மூன்றாவதில் வீட்டில் படுத்து யோசிக்கிறான். பார்த்தல், கேட்டல், யோசித்தல். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, ஃபைட் என்று சொல்லிவிட்டார்கள். முதல் அத்தியாயத்திலேயே அவன் கதவைத் தொட வேண்டும், அதனால் ஏதாவது ஒன்று கெட்டுப்போக வேண்டும். மூன்றாவது அத்தியாயம் தேவையே இல்லை.

இரண்டாவது அத்தியாயத்தின் பதினான்கு பக்கமும் சோழர் காலத்திலிருந்து மறைந்து வாழும் ஒரு கூட்டத்தின் வரலாறு. சோழர்களை விட்டுவிடுங்கள். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், அந்த இடத்துக்கும் அவர்களுக்கும் உங்கள் கதையில் ஒட்டே இல்லை. கிளேர் தன் முடிவுக் காட்சியை எங்கே வைத்தார் என்று பாருங்கள்: ரூஸ்வெல்ட் தீவின் தென்கோடியில் பாழடைந்து நிற்கும் பெரியம்மை மருத்துவமனை. ஜேம்ஸ் ரென்விக் வடிவமைத்து 1856இல் திறந்த கட்டடம், ஆற்றுக்கு இக்கரையில் மன்ஹாட்டன் முழுக்க விளக்கு எரிய அது மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது. நகரமே கண்ணை மூடிக்கொண்ட இடம் அது. அங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் வாசகர் கேள்வி கேட்க மாட்டார்.

உங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கிறது. பறக்கும் ரயில் பார்க் டவுன் தாண்டி மேலேறிப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை 1995இல் ஓடத் தொடங்கியது, 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. அத்தனை பெரிய கான்கிரீட் கூடங்களில் பாதித் தளம் ஆளில்லாமல் கிடக்கும். கீழே ஓடும் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டு 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்த இடத்தின் மேல்தான் உங்கள் பையன் ரயிலுக்குக் காத்திருக்கிறான். மறைந்திருக்கும் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட வேறு பூர்வகதை தேடுவானேன்? அதையும் பதினான்கு பக்கம் சொல்லிவிடாதீர்கள். கதவைத் தொட்டவன் கையில் ஈர மண் ஒட்டட்டும். எங்கிருந்து வந்த மண் என்பது நாற்பது பக்கம் கழித்துத் தெரிந்தால் போதும்.

அடுத்த முறை கருத்துக் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்டால் நூலகரிடம் பிள்ளைகள் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒருபக்கம் மட்டும் அச்சடித்து வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் வெற்றிடம் விடுங்கள். மூன்று குறி போதும்: புரியாத இடத்தில் கேள்விக்குறி, வரி தாண்டிப் படித்த இடத்தில் நெடுக்குக் கோடு, கீழே வைத்துவிட்டு எழுந்துபோன இடத்தில் வட்டம். காரணம் எழுத வேண்டாம். ஒருவர் வட்டம் போட்டால் அவருக்குப் பசித்திருக்கும். மூன்று பேர் அதே பக்கத்தில் போட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி ஓயாதீர்கள், முந்தைய ஐந்தாறு பக்கங்களையும் பாருங்கள், ஆர்வம் அறுந்த இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ‘அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிற’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னாலும் ஆபத்து, ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால் அதைவிட ஆபத்து.

மறுநாள் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தாளைப் பார்க்காமல் கதை சொல்லச் சொல்லுங்கள். கதவு யார் கண்ணுக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேளுங்கள். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னால் விதி உங்கள் தலையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அப்போது நீங்கள் வாயைத் திறந்து விளக்கிவிடக் கூடாது. அதுதான் கஷ்டம். எட்டுப் பேரையும் சேர்த்து உட்காரவைப்பது கடைசியில் இருக்கட்டும். முதலிலேயே வைத்தால் சத்தமாகப் பேசும் ஒருவரின் கருத்துதான் எட்டுத் தடவை கிடைக்கும்.

திருத்தியதை இதே எட்டுப் பேரிடம் கொடுத்துப் பயனில்லை. முதல் வாசிப்பு ஒருவருக்கு ஒரு தடவைதான். புதிதாக மூன்று பேரைப் பிடியுங்கள், அதில் ஒருவராவது ஃபேண்டஸியே படிக்காதவராக இருக்கட்டும். இன்னும் இரண்டு பேரை இப்போதே குறித்துவைத்து, முழு நாவல் முடியும்வரை அவர்கள் கண்ணில் ஒரு பக்கம்கூடக் காட்டாதீர்கள்.

அன்புடன்.