க்ருவாங்பின்: யாரிடமிருந்து யார் கடன் வாங்கினார்கள்?

வணக்கம். சைக்கடெலிக் ராக் பற்றிய உங்கள் கட்டுரையில் க்ருவாங்பின் குழுவைப் பாராட்டியிருந்தீர்கள். அதற்காகவே அவர்களுடைய மூன்று ஆல்பங்களைக் கேட்டேன். அறுபதுகளின் கிதார் ஒலியைத் தூசி தட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பாதிக்கு மேல் பாட்டே இல்லை. வேறு வேலை செய்துகொண்டே கேட்கத்தக்க இசை அது. போதாததற்கு, தாய்லாந்துக்காரர்களின் சரக்கை டெக்சாஸ்காரர்கள் விற்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. இதற்கா உலகம் முழுவதும் இவ்வளவு கூட்டம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1960-களில் தாய்லாந்து இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்தபோது அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது பிரிட்டனின் த ஷேடோஸ் குழு. அந்தப் பாணிக்கே அங்கே ‘வோங் ஷேடோ’, அதாவது ஷேடோ குழு, என்ற பெயர் நிலைத்துவிட்டது. வியட்நாம் போரையொட்டி அங்கே அமெரிக்க விமானத் தளங்கள் அமைந்தபின் சோல், ஃபங்க், ராக் ஆகிய அமெரிக்க இசை வகைகளும் வந்து சேர்ந்தன. தாய்லாந்துக் கலைஞர்கள் இவற்றைத் தங்களுடைய லூக் துங், மோலாம் என்ற நாட்டுப்புறப் பாணி மெட்டுகளோடு பிசைந்து, அமெரிக்கர்களுக்கே அடையாளம் தெரியாத ஒன்றாக ஆக்கினார்கள். டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் க்ருவாங்பினின் கிதார் கலைஞர் மார்க் ஸ்பியரும் பேஸ் கிதார் வாசிக்கும் லாரா லீயும் கேட்டு மயங்கியது இந்தக் கலவையில்தான். ஆகவே அவர்கள் எடுத்துக்கொண்டது, ஒருமுறை கடல் கடந்து போய் வேறு குரலோடு திரும்பி வந்த பொருள். இதனால் கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் பழைய கலைஞர்களில் பலர் தங்கள் நாட்டுக்கு வெளியே பெயர் தெரியாமலே போனார்கள் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் இவர்கள் கடனை மறைக்கவில்லை. அப்போது தாய்லாந்து மொழியைக் கற்றுக்கொண்டிருந்த லாரா லீ, அதில் தமக்குப் பிடித்த சொல்லையே குழுவுக்குப் பெயராக வைத்தார். க்ருவாங்பின் என்றால் விமானம். இவ்வளவு புகழ் வரும் என்று தெரிந்திருந்தால் உச்சரிக்க எளிதான பெயராகப் பார்த்திருப்போம் என்ற பொருளில் ஸ்பியர் பிற்பாடு சொன்னதுண்டு.

அறுபதுகளின் ஒலி என்கிறீர்கள். 1966-ல் க்ரீமும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸும் மூவர் குழுக்களாகத் தொடங்கியபோது, மூன்று பேர் ஆறு பேரின் இரைச்சலை எழுப்ப முடியும் என்று காட்டுவதே அந்த வடிவத்தின் பெருமையாக இருந்தது. க்ருவாங்பின் செய்வது நேர் எதிரானது. ஸ்பியரும் டிரம்ஸ் வாசிக்கும் டொனால்ட் ஜான்சனும் ஹூஸ்டனில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் காஸ்பல் (கிறிஸ்தவப் பக்தியிசை) குழுவில் 2004-ல் சந்தித்தவர்கள்; ஜான்சன் அங்கே ஆர்கன் வாசித்தார், ஹிப்-ஹாப் இசையும் தயாரித்தவர். அவருடைய தாளத்தைக் கேட்டால் இது விளங்கும்: இயந்திரத்தில் சுழலவிட்ட ஒரு துண்டைப் போல, தேவையில்லாத ஒரு தட்டலும் இல்லாமல், பாட்டின் இறுதிவரை மாறாமல் போகிறது. அந்த உறுதி இருப்பதால்தான் கிதார் அவசரப்படாமல் பேச முடிகிறது. பாட்டு இல்லை என்ற உங்கள் குறைக்கும் என் பதில் இதுவே. பாடகரின் இடத்தில் அங்கே கிதார் நிற்கிறது. ஸ்பியர் சுரத்தை வளைத்து இழுத்து, நாம் கமகம் என்று சொல்வதற்கு வெகு அருகில் போகிறார். ‘மரியா தாம்பியென்’ பாடலை ஹெட்ஃபோனில் ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். குறைவான சுரங்களை வைத்துக்கொண்டு லாரா லீ முழு மெட்டையும் தாங்குவது தெரியும். அவர் பேஸ் பழகத் தொடங்கி நெடுநாள் ஆகாத நிலையிலேயே மேடை ஏறியவர். அந்தச் சிக்கனம் அங்கிருந்து வந்ததாகவே நான் நினைக்கிறேன்.

கூட்டம் ஒரே நாளில் சேரவில்லை. பிரிட்டன் இசைக்கலைஞர் பொனோபோ தாம் தொகுத்த ஆல்பம் ஒன்றில் இவர்களுடைய பாடலைச் சேர்த்தது முதல் திருப்பம். டெக்சாஸின் பர்ட்டன் என்ற சிற்றூரில் ஸ்பியர் குடும்பத்தின் பழைய களஞ்சியத்தில் ஒலிப்பதிவு செய்த முதல் ஆல்பம் 2015-ல் வந்தது. அதன்பின் பயணம், மேடை, மறுபடி பயணம். 2020-ல் டெக்சாஸ் பாடகர் லியோன் பிரிட்ஜஸுடனும், 2022-ல் மாலி நாட்டின் கிதார் கலைஞர் வியூ ஃபர்கா தூரேயுடனும் சேர்ந்து வாசித்தார்கள். 2024-ல் கிராமி விருதுக்கு ‘சிறந்த புதிய கலைஞர்’ பிரிவில் இவர்களை முன்மொழிந்தார்கள். முதல் ஆல்பம் வந்து ஒன்பது ஆண்டு கழித்துப் புதியவர்கள் ஆனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வியூ ஃபர்கா தூரேயோடு செய்த ‘அலி’ ஆல்பத்தை நீங்கள் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அவர் தம் தந்தை அலி ஃபர்கா தூரேயின் பாடல்களைப் பாட, இந்த மூவரும் பின்னால் ஒதுங்கி, தங்கள் முத்திரையை ஏறக்குறைய மறைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். வெறும் நகலெடுப்பவர்களுக்கு, இன்னொருவரின் பாட்டுக்கு எங்கே இடம்விட வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அவர்களுடைய மிகச் சிறந்த பதிவு அதுதான் என்பது என் கருத்து. 2020-ல் வந்த, குரல்கள் மிகுந்த ‘மோர்டெகாய்’ எனக்கு அத்தனை ஒட்டவில்லை.

வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம் என்று நீங்கள் சொன்னதை முழுவதுமாக மறுக்க என்னால் முடியவில்லை. 2024-ன் ‘ஆ லா சாலா’ ஆல்பத்தை ஓடவிட்டு, நடுவில் எழுந்து போய், அது முடிந்துவிட்டதைக்கூட கவனிக்காமல் இருந்த மாலைகள் எனக்கும் உண்டு.

அன்புடன்.